இடது ஓரத்தில் ஒரு ஸ்டாப்பர்

முடியாது என்கிற வார்த்தை அவனுக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் அதைத் தாராளமாகவே சொல்வான். பால் வாங்கி வாடா என்றால் முடியாது. மாடியில் காய்கிற துணியை எடுத்து வாடா என்றால் முடியாது. அக்கா, தான் வேலை செய்கிற பல் டாக்டர் கிளினிக் வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விடச் சொன்னால், "முடியாது, பஸ்ல போ" என்று போர்வைக்குள்ளிருந்தே பதில் வரும். இப்பேர்ப்பட்டவனுக்குக் கோச் முன்னால் போய் நின்றால் மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். "சரி கோச்" என்பான். அந்தச் சரி கோச்தான் அவனை இந்தக் கதிக்குக் கொண்டுவந்து விட்டது.

கால்பந்துதான் அவனுக்கு வேலை. பொழுது போகாமல் ஆடுகிற ஆட்டம் இல்லை. மாதச் சம்பளம், கிளப் அடையாள அட்டை, எத்தனை கிலோ ஏறினான் இறங்கினான் என்று வாராவாரம் எடை பார்க்கிற டாக்டர், எல்லாம் உண்டு. வயது இருபத்திரண்டு. பதினைந்து வயதில் அந்தக் கிளப்பின் சின்னவர்கள் அணியில் சேர்ந்தபோது ஸ்டாப்பராகத்தான் சேர்ந்தான். ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கோல் காக்கிற கோலிக்கு முன்னால் தடுப்பதற்கென்று நாலு பேர் வரிசை கட்டி நிற்பார்கள். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொருத்தர், அவர்கள் பேக். நடுவில் இரண்டு பேர், அவர்கள் ஸ்டாப்பர். இவனுக்கு நடுதான் உயிர்.

நடுவில் நிற்கிறவனுக்கு மொத்த ஆட்டமும் கண் முன்னால் விரிந்து கிடக்கும். எவன் எங்கே ஓடப்போகிறான், பந்து எவன் காலுக்குப் போகும் என்று கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும். விழுந்து புரண்டு பந்தைப் பறிக்கிற ரகம் இல்லை இவன். பந்து வரப்போகிற இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டிருப்பான். எதிராளி தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, இவன் எப்போது இங்கே வந்தான் என்று முழிப்பான். அந்த முழி இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் இவன் காலையில் எழுந்திருப்பதே. ஓரத்தில் நின்றால் ஒரு பக்கம் சுண்ணாம்புக் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் விளம்பரப் பலகை. பாதி மைதானத்தைப் பார்த்தபடி ஆடுவதும் ஒரு ஆட்டமா என்பான்.

பெரியவர்கள் அணிக்கு வந்த முதல் வருஷம் லெஃப்ட் பேக்குக்குக் காய்ச்சல். கோச் வந்து இவன் தோளில் கையைப் போட்டார். "ஒரே ஒரு மேட்ச்டா." சரி கோச். ஆடினான், நன்றாகவே ஆடினான். காய்ச்சல் இறங்கியதும் அவன் வந்துவிட்டான், இவன் பெஞ்சுக்குப் போனான். அடுத்து ரைட் பேக் சிவப்பு அட்டை வாங்கி வெளியே உட்கார்ந்தான். தோளில் கை. "ரெண்டே ரெண்டு மேட்ச்." சரி கோச். அப்புறம் நடுக்களத்தில் ஆடுகிற ஒருத்தனுக்குக் கல்யாணம், அதற்கும் இவன். ஒரு தடவை கோலியையே நடுவர் வெளியே அனுப்பிவிட, மாற்று ஆளும் தீர்ந்துபோக, அடுத்தவன் வியர்வை ஊறிய கையுறையை மாட்டிக்கொண்டு கோல் கம்பங்களுக்கு நடுவிலும் நின்றிருக்கிறான். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு ஒரு பந்தைத் தடுக்கவும் செய்தான்.

ஜெர்சிகளைத் துவைத்து மடித்து வைக்கிற ஊழியர்தான் பெயர் வைத்தார். "இவன் நம்ம வண்டிக்கு ஸ்டெப்னி. எந்தப் பக்கம் டயர் வெடிச்சாலும் எடுத்து மாட்டிடலாம்." எல்லாரும் சிரித்தார்கள், இவனும் சிரித்தான். அப்போது சிரித்திருக்கக் கூடாது. அன்றையிலிருந்து அவனுக்கு அதுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கிளப்பில் யாருக்கும் தெரியாது.

"உங்க பையன் எந்த எடத்துல ஆடறான்?" என்று கீழ்வீட்டு அம்மா ஒருநாள் கேட்டார்.

"எல்லா எடத்துலயும் ஆடுவான்" என்றாள் அவன் அம்மா, பெருமையாக.

"அம்மா, எல்லா எடத்துலயும்னா ஒரு எடமும் இல்லன்னு அர்த்தம்" என்றாள் அக்கா, மாடிப்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே. அக்காவுக்கு வாய் நீளம். ஆனால் அவள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருந்து தொலைக்கும், அதுதான் கோபமே. அப்பா வேறு ரகம். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். மேட்ச் முடிந்து மகன் வீட்டுக்கு வந்தால், "நல்லா ஆடுன" என்பார். பெஞ்சில் உட்கார்ந்தே நேரம் போன மேட்சுக்கும் அதேதான் சொல்வார்.

அவன் ஆசைப்பட்ட இடத்தில் பல வருஷமாக ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். நடுவில் இருந்த இரண்டு ஸ்டாப்பரில் ஒருவர் கேப்டன், அவரை அசைக்க முடியாது. இன்னொருவர் இடது ஸ்டாப்பர். வயதில் எல்லாருக்கும் மூத்தவர் என்பதால் பையன்கள் சித்தப்பா என்று கூப்பிடுவார்கள். சித்தப்பாவின் முழங்கால் நாலு வருஷமாக இதோ போகிறேன் அதோ போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்து, போன சீசன் முடிவில் ஒரேயடியாகப் போய்விட்டது. வழியனுப்பு விழாவில் கோச்சே இவனை அருகில் கூப்பிட்டார்.

"இத்தனை நாள் பொறுத்துக்கிட்ட. அடுத்த சீசன் அந்த எடம் உனக்குத்தான். தயாரா இரு."

சொன்னாரா இல்லையா? சொன்னார். சித்தப்பாவே பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விடுமுறை முழுக்க அவன் விடுமுறை எடுக்கவில்லை. தலையால் முட்டுவதில்தான் கொஞ்சம் குறை என்று அவனுக்கே தெரியும். மொட்டை மாடியில் பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு எகிறி எகிறி முட்டினான். கீழ்வீட்டு அம்மா, மேலே என்ன இடி இடிக்கிறது என்று படியேறி வந்து பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார். பழைய மேட்சுகளைப் போட்டுப் பார்த்தான். எதிரணி முன்கள ஆட்டக்காரன் ஒவ்வொருத்தனும் எந்தக் காலில் திரும்புவான் என்று சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டிருந்தான். "சோத்துல கை வைடா முதல்ல" என்று அம்மா அதட்டினாள்.

இதற்கு நடுவில் கிளப் ஒரு புதுப் பையனைக் கொண்டுவந்தது. பத்தொன்பது வயது, வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். வந்த அன்றே நெட்டை என்று பெயர் விழுந்துவிட்டது. அவனும் ஸ்டாப்பர். உயரப் பந்து எதுவாக இருந்தாலும் அவன் தலைக்குத்தான் வரும், அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் பந்து வந்தால் பந்தையே பார்ப்பான். முதுகுக்குப் பின்னால் எவன் ஓடுகிறான் என்று திரும்பிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. இவன் அதை முதல் பயிற்சியிலேயே கவனித்துவிட்டான். பாவம், பையன் கற்றுக்கொள்வான், இரண்டு வருஷம் ஆகும் என்று நினைத்துக்கொண்டான்.

அந்தக் கோச்சிடம் ஒரு பழக்கம். மேட்சில் யார் யார் ஆடப்போகிறார்கள் என்று வாயால் சொல்லவே மாட்டார். வியாழக்கிழமை பயிற்சிக்கு முன்னால் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து, கையில்லாத மஞ்சள் பனியன் பதினொன்றை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார். கிடைத்தவன் ஆடுவான், கிடைக்காதவன் அவர்களுக்கு எதிராகப் பயிற்சிக்கு நிற்பான். அதிலும் ஒரு வரிசை உண்டு. முதல் பனியன் கோலிக்கு. இரண்டாவது ரைட் பேக். மூன்றாவது கேப்டன். நாலாவது இடது ஸ்டாப்பர். ஐந்தாவது லெஃப்ட் பேக். ஆகவே பையன்கள் பனியனைப் பார்க்க மாட்டார்கள், மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

சீசனின் முதல் வியாழக்கிழமை நாலாவது பனியன் இவன் நெஞ்சில் வந்து விழுந்தது.

அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு படி இரண்டு படியாகத் தாண்டி ஏறினான். கேட்காமலேயே மாடித் துணியை எடுத்து வந்தான். "என்னடா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றாள் அக்கா. விஷயத்தைச் சொன்னதும் அவளும் சிரித்துவிட்டாள். அம்மா சாப்பாட்டில் இன்னொரு முட்டை வைத்தாள். அப்பா, "நல்லா ஆடுன" என்றார். மேட்சே இன்னும் நடக்கவில்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை, ஓடினோம் வந்தோம் என்கிற சாதாரண ஓட்டத்தில், லெஃப்ட் பேக் தொடையைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டான். தடித்த மீசை வைத்திருப்பான், அதனால் அவனுக்குப் பெயரே மீசை. தசை பிடித்துக்கொண்டுவிட்டது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமலே இவனுக்குத் தெரிந்தது, தோளில் கை விழப்போகிறது.

விழுந்தது. "ஒரே ஒரு மேட்ச்டா. நடுவுல நெட்டையைப் போட்டு சமாளிச்சுக்கறேன். அடுத்த வாரம் நீ உன் எடத்துக்கு வந்துடு."

சொல்லுடா, முடியாதுன்னு சொல்லுடா என்று உள்ளே ஒருத்தன் கத்தினான். வெளியே நின்றவன், "சரி கோச்" என்றான்.

அக்கா அன்றைக்கு ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. "உனக்கு நாக்குல என்ன சுளுக்கா? எங்ககிட்ட எல்லாம் முடியாது முடியாதுன்னு முறைப்பியே, அங்க சொல்றதுக்கு என்ன? இளிச்சவாயனா இருக்கற வரைக்கும் தலைல மிளகா அரைச்சுக்கிட்டேதான் இருப்பாங்க!"

"ஒரு மேட்ச்தான்க்கா."

"நாலு வருஷமா அந்த ஒரு மேட்ச்சுதானடா ஆடிட்டு இருக்க!"

முதல் மேட்சில் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நீளமாக ஒரு பந்து வந்தது. நெட்டை பந்தைப் பார்த்தபடி பின்னாலேயே போனான். அவன் முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரன் ஒருத்தன் வழுக்கிக்கொண்டு ஓடினான். இவன் ஓரத்திலிருந்து பாய்ந்து வந்து, அவன் காலில் பந்து படுவதற்கு முன்னால் எடுத்துவிட்டான். இரண்டாம் பாதியில் அதே மாதிரி இன்னும் இரண்டு. ஒரு கோலும் விழவில்லை. ஜெயித்தார்கள்.

மறுநாள் பத்திரிகையில் நெட்டை படம். உயரே எகிறிப் பந்தை முட்டுகிற படம், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பாறை போல் நின்ற புதுமுகம் என்று எழுதியிருந்தார்கள். அவன் பின்னால் ஓடி ஓடித் துடைத்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை. எப்படி இருக்கும்? நடக்காமல் போன கோலை எவன் படம் எடுப்பான்? ஒரு விபத்தைத் தடுத்தவனை யாருக்குத் தெரியும், விபத்துதான் நடக்கவே இல்லையே.

அடுத்த வாரமும் மீசையின் தொடை சரியாகவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. இவன் லெஃப்ட் பேக், பக்கத்தில் நெட்டை. நெட்டை விடுவான், இவன் எடுப்பான். கோல் விழாது, ஜெயிப்பார்கள், நெட்டைக்குக் கைதட்டு கிடைக்கும். மேட்சுக்கு மேட்ச் இவனே தன் கையால் அந்தப் பையனை அந்த இடத்தில் ஆணி அடித்து உட்காரவைத்துக்கொண்டிருந்தான். அது அவனுக்கும் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? அணி தோற்கட்டும் என்று விட்டுவிட முடியுமா?

நெட்டையை வெறுக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் வழி இல்லை. வெள்ளந்திப் பையன். உடைமாற்றும் அறையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமே இல்லண்ணே" என்பான். தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டுவான். இவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாங்கிக் குடித்துவிட்டு, "பின்னாடி பாத்து ஆடுடா" என்று மட்டும் சொல்வான்.

கடைசியில் மீசை குணமாகி வந்தான். அந்த வியாழக்கிழமை இவன் வட்டத்தில் நின்ற நிற்பைப் பார்த்தால் பரீட்சை முடிவுக்கு நிற்கிறவன் மாதிரி இருந்தது. மீசை ஓரத்துக்குத் திரும்பிவிட்டால் தான் நடுவுக்கு. கணக்கு சரிதானே? முதல் பனியன் போனது. இரண்டு. மூன்று. நாலாவது நெட்டைக்குப் போனது. ஐந்தாவது இவன் மேல் வந்து விழுந்தது.

"ஜெயிக்கற டீமைக் கலைக்க மாட்டேன்" என்றார் கோச், பொதுவாக எல்லாருக்கும்.

பனியன் கிடைக்காத மீசை இவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பயிற்சி முடிந்து ஷூ கழற்றுகிற இடத்தில் வந்து நின்றான். "ஒரு மேட்ச்சு ஆடறேன்னு வந்து என் எடத்தையே புடிச்சுட்டல்ல?"

"எனக்கெதுக்குய்யா உன் எடம்? எடுத்துக்கோ! கையெடுத்துக் கும்பிடறேன், எடுத்துட்டுப் போ!"

மீசை நம்பவில்லை. நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான். தனக்கு வேண்டாத இடத்தைத் திருடியவன் என்கிற கெட்ட பெயர் வேறு இப்போது சேர்ந்துகொண்டது. வேண்டிய இடத்தில் இன்னொருத்தன் பாறையாக நிற்கிறான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் தானே போய் நின்றான். "எப்படிச் சொல்றதுன்னு சொல்லிக்குடு."

அக்கா சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு, கால் மேல் கால் போட்டு, கோச்சாக உட்கார்ந்தாள். "ம், உள்ள வா. என்ன விஷயம்?"

"கோச், வந்து... உங்களுக்கு டைம் இருந்தா..."

"இல்ல. போ" என்றாள் அக்கா. "வெளிய போய்த் திரும்ப வா. இந்த வந்து போயி எல்லாம் வேணாம்."

நாலைந்து தடவை வெளியே போய்வந்தான். அம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசித் தடவை நேராக வந்து நின்று, "நான் ஸ்டாப்பர். அந்த எடம் குடுத்தா ஆடறேன். இல்லன்னா பெஞ்சுல உக்காந்துக்கறேன். லெஃப்ட் பேக் இனிமே முடியாது" என்று மூச்சு விடாமல் சொன்னான். அக்கா எழுந்து நின்று அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "இதேதான். ஒரு எழுத்து மாத்தாத."

கோச்சின் அறை மைதானத்துப் பார்வையாளர் படிகளுக்குக் கீழே, குளியலறைகளை ஒட்டி இருந்தது. எப்போதும் ஈரச் சாக்ஸ் நாற்றம். சுவரில் பச்சைப் பலகை, அதில் ஆட்டக்காரனுக்கு ஒன்றாகப் பதினொரு காந்த வில்லைகள். கோச் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். இவன் ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னான்.

கோச் கோபப்படுவார் என்று நினைத்தான். அவர் பம்பை நிறுத்தினார். "சரி" என்றார். "அப்ப பெஞ்ச்."

இவ்வளவுதானா! இதற்கா நாலு வருஷம் பயந்தோம் என்று படியேறி வெளியே வந்தபோது அவனுக்குச் சிரிப்புகூட வந்தது.

அந்த மேட்சில் மீசை லெஃப்ட் பேக் ஆடினான். இவன் பெஞ்சில். மீசை நல்ல ஆட்டக்காரன்தான், முன்னால் ஓடிப்போய்ப் பந்தை உள்ளே அடிப்பதில் இவனைவிடக் கெட்டிக்காரன். ஆனால் அவன் தன் ஆளை மட்டும்தான் பார்ப்பான். பக்கத்து ஆள் விட்டதை எடுப்பது தன் வேலை என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. முதல் பாதியிலேயே நெட்டை முதுகுக்குப் பின்னால் ஒருத்தன் ஓடினான். யாரும் வரவில்லை, கோல். இரண்டாம் பாதியில் அதே வழி, அதே மாதிரி. மூன்றாவது கோலுக்கு எதிரணிக்காரன் ஓடக்கூட இல்லை, நடந்தே போனான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன இருந்தது? சொல்லிவிடலாம். சந்தோஷமாக இருந்தது. முதல் கோலுக்கே நெஞ்சுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. மூன்றாவது கோலுக்கு அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவனுக்கே அசிங்கமாகப் போயிற்று. மேட்ச் முடிந்து நெட்டை துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு விசும்பி விசும்பி அழுதான். இவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தான். தடவிக்கொடுக்கும்போதே, இனி அந்த இடம் எனக்குத்தான் என்று மனசு கணக்குப் போட்டது. மனசை என்ன செய்ய முடியும்?

வீட்டில் அப்பா, "நல்லா ஆடுன" என்றார். "இந்த ஒரு தடவை அப்பா சொன்னது சரிதான்" என்றாள் அக்கா.

வியாழக்கிழமை வந்தது. வட்டம். கோச் கையில் மஞ்சள் பனியன்கள். கோலிக்கு ஒன்று. ரைட் பேக்குக்கு ஒன்று. கேப்டனுக்கு ஒன்று. நாலாவதை எடுத்தார். இவன் கையை நீட்டவே நீட்டிவிட்டான். பனியன் அவனைத் தாண்டிப் போய் நெட்டை தோளில் விழுந்தது. நெட்டைக்கே நம்ப முடியவில்லை, கீழே விழப்போனதைத் தடுமாறிப் பிடித்தான். ஐந்தாவது, நீட்டிய கையிலேயே வந்து விழுந்தது.

"கோச்" என்றான் இவன். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "மூணு கோலும் யாரால விழுந்துச்சு?"

எல்லாரும் நெட்டையைப் பார்த்தார்கள். நெட்டை தரையைப் பார்த்தான்.

"அவனாலதான்" என்றார் கோச். "சின்னப் பையன், விடுவான். முன்னாடியும் விட்டுக்கிட்டுதான் இருந்திருக்கான், எனக்குத்தான் தெரியல. நீ பக்கத்துல இருந்து எடுத்துக்கிட்டே இருந்திருக்க. நீ பெஞ்சுல உக்காந்தப்புறம்தான் எனக்குக் கண்ணே தெறந்துச்சு. நீதான் கேட்டியே, உனக்குன்னு ஒரு எடம் வேணும்னு? இதோ குடுத்துட்டேன். இன்னையிலேர்ந்து லெஃப்ட் பேக் உன் எடம். யாரும் உன்னை நகர்த்த முடியாது. நானே நகர்த்த மாட்டேன். இனிமே எவனாவது உன்னை ஸ்டெப்னின்னு கூப்ட்டா எங்கிட்ட வந்து சொல்லு."

பையன்கள் கைதட்டினார்கள். அட, உண்மையாகவே தட்டினார்கள். மீசை ஒருத்தன்தான் தட்டவில்லை.

"நடுவுல நான் நின்னா அந்தத் தப்பே நடக்காதே கோச்!"

"நடக்காது. ஒத்துக்கறேன். அப்ப ஓரத்துல யாரு? நெட்டையை ஓரத்துல விட்டா ஓட முடியுமா அவனால? அவனுக்கு அந்த ஒரு எடம்தான் வரும். உனக்கு எல்லாம் வரும். அதனாலதான் அந்த எடம் அவனுக்கு."

இது என்ன கணக்கு? நீங்களே சொல்லுங்கள். ஒன்று மட்டும் தெரிந்தவனுக்கு அந்த ஒன்று. எல்லாம் தெரிந்தவனுக்கு மிச்சம். இப்படி ஒரு நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பது! அவனுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. அக்கா இங்கே இருந்திருந்தால் இந்த ஆளை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள் என்று நினைத்தான்.

"முடியாது" என்றான்.

கோச் விசிலை வாயில் வைத்தவர் எடுத்துவிட்டார். இவன் பனியனை மாட்டிக்கொண்டான். நேராக மைதானத்துக்குள் நடந்தான். இடது ஓரத்துக்குப் போகவில்லை. நடுவில், சித்தப்பா நின்ற அதே இடத்தில் போய் நின்றான். நெட்டை அங்கே வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் இவன் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணே..."

"நான் இங்கதான் நிப்பேன். நீ எங்க வேணா போ."

நெட்டை எங்கேயும் போகவில்லை, அவனுக்குத்தான் வேறு இடம் தெரியாதே. ஒரே இடத்தில் இரண்டு பேர் இடித்துக்கொண்டு நின்றார்கள். இடது ஓரம் காலியாகக் கிடந்தது. கேப்டன் கோச்சைப் பார்த்தார். கோச் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நிக்கட்டும். நீங்க ஆடுங்க" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. நடுவில் நின்றவனுக்கு மொத்த மைதானமும் முன்னால் விரிந்தது. எத்தனை நாளாயிற்று இப்படிப் பார்த்து! ஒரு பந்து வந்தது, முன்கூட்டியே போய் நின்று எடுத்தான். இன்னொன்று வந்தது, அதையும் எடுத்தான். எதிரே நின்றவன் முழித்தான். கோச் பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் பனியன் இல்லாத பக்கத்தில் நின்ற மீசை தலையை நிமிர்த்தினான். காலியாகக் கிடந்த ஓரத்தைப் பார்த்தான். நீளமாக, அழகாக, அந்தக் காலி இடத்தைக் குறிவைத்து ஒரு பந்தைத் தூக்கி அடித்தான். அது போகிற போக்கிலேயே இவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பந்து எங்கே விழும், நெட்டை அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான், அவன் முதுகுக்குப் பின்னால் எவன் ஓடுவான், எல்லாம். எதிரணிக்காரன் ஓட ஆரம்பித்தும் விட்டான்.

நில்லு என்று தனக்குத்தானே சொன்னான். அந்த ஓரம் உன் எடம் இல்ல, நில்லு. விழட்டும் கோல். நில்லுடா.

சறுக்கிப் போய்ப் பந்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளியபோது தொடையெல்லாம் புல்லும் சுண்ணாம்பும். எழுந்து நின்று பார்த்தான். இடது ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். அங்கே நடுவில், அவன் இத்தனை நேரம் பிடிவாதமாகப் பிடித்துவைத்திருந்த இடத்தில், நெட்டை தாராளமாகக் காலை அகட்டி நின்றுகொண்டு, "தேங்க்ஸ்ண்ணே!" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

"பாழாப்போன காலே" என்று தன் காலையே திட்டினான். வாய்விட்டுத்தான் திட்டினான், கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும். கண்ணில் தண்ணீர் முட்டியது. கோச் விசில் ஊதவும் இல்லை, கைதட்டவும் இல்லை. அவர் நினைத்தது நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

திரும்ப நடுவுக்கு நடக்கலாம் என்று ஓர் அடி எடுத்தும் வைத்தான். அதற்குள் எதிரணிக்காரன் வெளியே போன பந்தைக் கையில் எடுத்து உள்ளே எறிய ஆயத்தமாகிவிட்டான். நெட்டையின் முதுகுக்குப் பின்னால் மறுபடியும் ஒருத்தன் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தான்.

"நெட்டை! பின்னாடி பாருடா! உன் ஆளைப் பாரு!" என்று இடது ஓரத்திலிருந்து தொண்டை கிழியக் கத்தினான்.